சாணை பிடிக்கும் உளியும் கழற்றி மாட்டும் முனையும்

தலவாக்கலைப் பக்கத்தில் லேத் மெஷின் புதுச் சாமான் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை இருக்கும் இடத்தில் ஒரு பிட்டர் இருப்பார். பிட்டர் இருந்தால் சின்னதோ பெரியதோ ஒரு கடைசல் இயந்திரம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கொழுந்து உருட்டும் ரோலர்களிலும் உலர்த்திகளிலும் பழையவை பல, கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனியும் பெல்பாஸ்டின் சிரோக்கோ தொழிற்சாலையும் செய்து அனுப்பியவை. அந்த இரண்டு தொழிற்சாலைகளும் மூடப்பட்டுவிட்டன. புஷ் தேய்ந்தாலும் தண்டு அரித்தாலும் இங்கேயே கடைந்துதான் போட வேண்டும்.

புதிதாக வந்திருப்பது மேசை மேல் வைக்கிற குட்டி லேத். ஏழு அங்குலம் வரை சுழற்றலாம். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். மோட்டார் 500 வாட் அளவில் இருக்கும். தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காக வாங்குகிறவர்களுக்கான இயந்திரம் இது. தையல் மெஷினுக்கு ஒரு புல்லி, மருந்து தெளிக்கும் டாங்கிக்கு ஒரு பம்பு ராட், பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு புஷ் என்று வேலை தானாகத் தேடி வரும். பெட்டியைப் பிரித்த அன்றே எழும் கேள்வி, எந்த உளியை மாட்டுவது என்பது. எச்.எஸ்.எஸ். என்று லேத் பாஸ்மார் சொல்லும் அதிவேக உருக்கா, திருகாணி கழற்றி மாற்றிக்கொள்ளும் கார்பைட் முனையா?

இன்று யாரைக் கேட்டாலும் கார்பைட் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகள் அதைத்தானே பாவிக்கின்றன என்பது அவர்களுடைய நியாயம். அந்த நியாயம் பெரிய தொழிற்சாலைக்குச் சரி. இந்த அளவு இயந்திரத்துக்கு, இந்த ஊரில், முதலில் வாங்க வேண்டியது எச்.எஸ்.எஸ். என்பதுதான் என் முடிவு. கார்பைடையும் ஒதுக்கவில்லை, அதற்கென்று சில வேலைகள் உண்டு, அந்த வேலைகளில் அதற்கு ஈடே இல்லை. ஆனால் எந்த வேலை எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், லேத் மேல் வைத்த ஆசையும் போகும்.

இரண்டின் பிறப்பையும் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை உலோகம் கடைந்தது பெரும்பாலும் சாதாரண கரிம உருக்கு உளிதான்; 250 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது இளகிப் போகும். அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் பிரெடரிக் டெய்லரும் மோன்செல் வைட்டும் 1898 முதல் செய்த சோதனைகளில் இருந்து வந்தது அதிவேக உருக்கு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்து கனன்றபடியே இரும்பைச் சீவிக்கொண்டிருந்த உளியைப் பார்த்து ஐரோப்பியப் பொறியியலாளர்கள் வியந்தார்கள். இப்போது பரவலாகக் கிடைக்கும் எம்2 ரகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் டங்ஸ்டனும் 5 சதவீதம் மொலிப்டினமும் 4 சதவீதம் குரோமியமும் 2 சதவீதம் வனேடியமும் இருக்கின்றன. 600 பாகை வரை கூர் தாங்கும்.

கார்பைட் பிறந்தது மின்குமிழ் தொழிலில். குமிழுக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை இழுத்தெடுக்கும் அச்சுகளுக்கு வைரம் தேவைப்பட்டது. வைரத்துக்கு மாற்றுத் தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில், டங்ஸ்டன் கார்பைட் தூளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சூளையில் இறுக்கும் முறையைக் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் காப்புரிமைக்குக் கொண்டுவந்தார். குருப் நிறுவனம் அதை வாங்கி, சில ஆண்டுகளுக்குள் ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் விடியா டூல் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எச்.எஸ்.எஸ். துவண்டு போகும் சூட்டிலும் அது கெட்டியாக நிற்கும். வேகமாக ஓட்டு, ஆழமாக வெட்டு, சூடானாலும் பரவாயில்லை என்பதற்காகவே உளியாக்கப்பட்ட பொருள் அது.

வேகமும் ஆழமும் நம்முடைய குட்டி லேத்தில் இருக்கின்றனவா? கணக்கே பதில் சொல்லட்டும். மென்னுருக்கை எச்.எஸ்.எஸ். உளியால் நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் வெட்டலாம். 25 மில்லிமீற்றர் தண்டுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று. கார்பைடுக்கு 120 மீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 1,500 சுற்றைத் தாண்டும். தண்டு 10 மில்லிமீற்றராக இருந்தால் 3,800 சுற்று வேண்டும். குட்டி லேத்துகளில் பெரும்பாலானவை 2,500இல் நின்றுவிடும். சுற்று கிடைத்தாலும் சக்தி கிடைக்காது. மென்னுருக்கில் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுக்கு 2,500 நியூட்டன் அளவு விசை தேவை. ஒரு மில்லிமீற்றர் ஆழமும் சுற்றுக்கு 0.1 மில்லிமீற்றர் நகர்வும் வைத்து 120 மீற்றர் வேகத்தில் வெட்டினால் 500 வாட் வந்துவிடும். மோட்டாரில் எழுதியிருப்பது மொத்தமே அவ்வளவுதான். பெல்ட்டிலும் பெயாரிங்கிலும் போவதற்கு மிச்சமில்லை. அதே வெட்டை 30 மீற்றரில் எடுத்தால் 125 வாட் போதும். மோட்டார் முனகாது. கார்பைட் எந்தச் சூட்டுக்காக உளியானதோ, அந்தச் சூட்டை இந்த இயந்திரத்தால் உண்டாக்கவே முடியாது.

விசைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உளி எவ்வளவு மழுங்கலோ அவ்வளவு அழுத்தினால்தான் அது உலோகத்துக்குள் இறங்கும். அந்த அழுத்தம் உளித்தாங்கியையும் சறுக்கியையும் படுகையையும் தள்ளும். இரண்டு தொன் எடையுள்ள தொழிற்சாலை லேத் அதைப் பொருட்படுத்தாது. நாற்பது கிலோ லேத் வளைந்து கொடுக்கும், அதிரும், கடைந்த பரப்பில் அலை அலையாகத் தழும்பு விழும். எனவே சின்ன இயந்திரத்துக்கு உளியின் கடினத்தைவிடக் கூர்மைதான் முக்கியம். ஒப்பீட்டின் முடிச்சு இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்க்கல்லில் தீட்டிய எச்.எஸ்.எஸ். உளியின் இரு முகங்களும் சந்திக்கும் இடத்தில் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே பரப்பு இல்லை. சாதாரண கார்பைட் முனையில் அதே இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று மின்னும். அது உற்பத்திக் குறையில்லை. கூராக விட்டால் கார்பைட் உதிர்ந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே விளிம்பை உருட்டி, மேலே பூச்சும் பூசி விடுகிறார்கள். கனமான வெட்டில் அந்த உருட்டல்தான் அதைக் காப்பாற்றுகிறது.

மெல்லிய வெட்டில் அதே உருட்டல் காலை வாரும். ஒரு பெயாரிங் உட்கார வேண்டிய 20 மில்லிமீற்றர் தண்டில் இன்னும் 0.03 மில்லிமீற்றர் போக வேண்டும் என்று வையுங்கள். உளி இறங்க வேண்டிய ஆழம் 0.015. கூர் தீட்டிய எச்.எஸ்.எஸ். அதை மயிரிழை போன்ற சுருளாகச் சீவி எடுக்கும். பொதுவாகக் கிடைக்கும் சிசிஎம்டி 060204 என்ற முனையை மாட்டினால், அதன் கடைசி இலக்கங்கள் சொல்வது போல மூக்கின் ஆரை 0.4 மில்லிமீற்றர், அந்த ஆரையில் மூன்றில் இரண்டு பங்காவது ஆழம் கொடுத்தால்தான் அது ஒழுங்காக வெட்டும். 0.015இல் அது தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு நழுவும். அளந்தால் தண்டு அப்படியே இருக்கும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் திடீரென்று கடித்து 0.06ஐ எடுத்துவிடும். பெயாரிங் ஆடும், தண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். வீட்டில் லேத் வைத்திருப்பவர் செய்யும் வேலையில் பெரும்பங்கு இப்படிப் பொருத்தம் பார்க்கும் வேலைதான் என்பதை மறக்கக் கூடாது.

கார்பைடிலும் கூரான ரகம் ஒன்று உண்டு. பெயரில் மூன்றாம் எழுத்து ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘ஜி’ இருக்கும்: சிசிஜிடி. அலுமினியத்துக்காகச் சாணையில் தீட்டிச் செய்த முனை, பெரும்பாலும் பூச்சு இல்லாதது. குட்டி லேத்தில் உருக்குக்கும் அது நன்றாகவே போகிறது. கார்பைட்தான் வேண்டும் என்று நிற்பவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘என்’ என்ற இரண்டாம் எழுத்தோடு வரும் சிஎன்எம்ஜி போன்ற முனைகளை, இரு பக்கமும் திருப்பிப் போடலாம் என்ற ஆசையில் வாங்கவே வேண்டாம். அவை தாங்கியில் கீழ்நோக்கிச் சரிந்து உட்காரும். வெட்டுவதற்கு முன் நன்றாக அழுத்தித் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு இந்த லேத்தின் உடம்பு போதாது.

பித்தளையில் வேறுபாடு இன்னும் தெளிவு. தேயிலைத் தொழிற்சாலைக்கும் பித்தளைக்கும் பழைய உறவு. நசுங்கிய கொழுந்தின் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். அதனாலேயே ரோலரின் மேசையிலும் வரிக்கட்டைகளிலும் பித்தளை போட்டார்கள். பித்தளைக் கழிவுத் துண்டு கையில் கிடைத்தால் புஷ் கடையாமல் விடுவோமா? ஆனால் பித்தளைக்கு உளியின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். உருக்குக்காக 12, 14 பாகை சாய்த்த மேல்முகம் பித்தளையைக் கண்டதும் தானாகவே உள்ளே இழுபட்டுக் குத்தும்; வேலைத்துண்டு சக்கில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும். எச்.எஸ்.எஸ். உளி என்றால் எண்ணெய்க்கல்லை எடுத்து வெட்டு விளிம்பின் மேல் ஒரு மெல்லிய தட்டை போட்டால் போதும், அடுத்த நிமிடம் பித்தளை உளி தயார். கழற்றி மாட்டும் முனைகளில் மேல்முகப் பள்ளங்கள் அச்சிலேயே அழுத்தி உருவாக்கப்பட்டவை. தட்டையானது வேண்டுமென்றால் வேறு முனை வாங்க வேண்டும். பித்தளையால் ஒட்டிய பழைய பாணி கார்பைட் உளிகள் மேல்முகம் தட்டையாகவே வருவதால் இந்த ஒரு வேலைக்கு ஒத்துவரும். கடையில் வாங்கிய கையோடு பாவிக்க முடியாது, விளிம்பைத் தீட்டியாக வேண்டும்.

அடுத்தது உடையும் குணம். கார்பைட் கடினம், கடினமானது நொறுங்கும். கீவே வெட்டிய தண்டையோ அறுகோணக் கம்பியையோ கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் உளி அடி வாங்குகிறது. எச்.எஸ்.எஸ். அதைப் பொறுத்துக்கொள்ளும். கார்பைடின் மூலை எந்தச் சுற்றில் போகும் என்று சொல்ல முடியாது. வெட்டு நடக்கும்போதே லேத் நின்றால் கதை இன்னும் மோசம்: முனை உலோகத்துக்குள் புதைந்தபடி நிற்கும், பின்னால் இழுக்கையில் விளிம்பு பொடிந்துவிடும். தோட்டப் பகுதிகளில் மின்சாரம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் ஒரு மரக்கிளை விழுந்தால் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களும் உண்டு. மேல் கொத்மலையின் 150 மெகாவாட் மின்னிலையத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணை இந்த ஊரில்தான் இருக்கிறது என்பதனால் நம் கம்பியில் வோல்ட்டேஜ் ஏறிவிடாது. வெட்டில் பாதியில் கரண்ட் போகக்கூடிய இடத்தில், போனாலும் உடையாத உளிக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி கார்பைடின் பக்கம். வார்ப்பிரும்பு என்றால் தயங்காமல் அதை எடுங்கள். மணலில் வார்த்த புல்லியின் தோலில் மணல் துகள்களும், வேகமாக ஆறியதால் இறுகிய பாகங்களும் இருக்கும். எச்.எஸ்.எஸ். அந்தத் தோலில் ஒரே சுற்றில் கூர் போய்ச் சிணுங்கத் தொடங்கிவிடும். கார்பைட் தோலுக்கு அடியில் புகுந்து அதை உரித்துவிடும். இதில் பலரும் கவனிக்காத இன்னொரு லாபமும் இருக்கிறது. 100 மில்லிமீற்றர் புல்லியை எச்.எஸ்.எஸ். உளிக்கு ஏற்ற 20 மீற்றர் வேகத்தில் கடைய நிமிடத்துக்கு 60 சுற்றளவுக்கு இறங்க வேண்டும். வேகத்தை மின்னணுவில் குறைக்கும் குட்டி லேத்துகள் அவ்வளவு கீழே போனால் பலம் இழந்து நின்றுவிடும். கார்பைட் போட்டு 190 சுற்றில் ஓட்டினால் மோட்டார் தன் வசதியான இடத்தில் இருக்கும். பெரிய விட்டத்துக்குக் கார்பைட், சின்ன விட்டத்துக்கு எச்.எஸ்.எஸ். என்பது புத்தகங்களில் அவ்வளவாகக் காணாத, ஆனால் இந்த லேத்துகளுக்கு நன்றாகப் பொருந்தும் விதி.

கடினப்படுத்திய தண்டுகளும் கார்பைடின் பங்கு. பழைய மோட்டார் சைக்கிள் பின், பிரின்டரில் கழற்றிய வழிகாட்டித் தண்டு, பெயாரிங் வளையம் போன்றவை எச்.எஸ்.எஸ். உளியோடு ஏறத்தாழச் சமமான கடினம் உள்ளவை. அங்கே உளிதான் தேயும். கையில் கிடைத்த உருக்கு எது என்று தெரியாதபோது ஓர் அரத்தை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் எச்.எஸ்.எஸ்., வழுக்கினால் கார்பைட்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். தலவாக்கலையிலோ ஹட்டனிலோ துளைக் கம்பி, அரம், ரம்பத் தகடு எல்லாம் கிடைக்கும். சிசிஜிடி 060204 என்று கேட்டால் கிடைப்பது அபூர்வம். கொழும்பு பழைய சோனகத் தெருவுக்கோ பஞ்சிகாவத்தைக்கோ போக வேண்டும், ரயிலில் போகவே ஒரு பகல் ஆகும். இல்லையேல் வெளிநாட்டில் இருந்து தருவித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் இறக்குமதி எப்படி இறுகியது என்பதைப் பார்த்தவர்கள் நாம். எண்பது பாகை முனை ஒன்றில் வெட்டும் மூலைகள் இரண்டே இரண்டு. முக்கோண முனையில் மூன்று. அவை போனால் வேலை நின்றது. பத்து சென்ரிமீற்றர் நீள எச்.எஸ்.எஸ். துண்டு ஒன்று, ஆசைக்குக் கடைபவருக்கு வருடக்கணக்கில் வரும். முனை போனால் கிரைண்டரில் இரண்டு நிமிடம். முறிந்த துளைக் கம்பியில் இருந்து கூட ஓர் உட்துளை உளி தீட்டிக்கொள்ளலாம்.

சாணை பிடிப்பது கஷ்டம் என்று பயந்துதான் பலர் கார்பைடுக்கு ஓடுகிறார்கள். பயத்துக்குக் காரணம் கோணங்களின் பட்டியல். உண்மையில் தீட்ட வேண்டியவை மூன்று முகங்கள். பக்க முகத்தைக் கல்லில் வைத்து, அடிப்பக்கம் உள்வாங்கும்படி 8, 10 பாகை சாய்த்துத் தீட்டுங்கள். முன் முகமும் அப்படியே. பிறகு மேல்முகத்தை வெட்டு விளிம்பில் இருந்து பின்னால் சரியும்படி 12 பாகை அளவில் தீட்டி, இரு முகமும் சந்திக்கும் மூக்கை எண்ணெய்க்கல்லில் மெல்ல உருட்டுங்கள். இரண்டு மூன்று பாகை கூடிக் குறைந்தால் உலகம் கவிழாது. அடிப்பக்கம் உள்வாங்கியிருக்கிறதா என்பது ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் உளி வெட்டாது, உரசும். சூடு பிடித்தால் தண்ணீரில் தோய்க்கலாம். முனையில் நீலம் ஏறினாலும் கரிம உருக்கைப் போல எச்.எஸ்.எஸ். இளகிப் போகாது. சிவக்க விட்டுத் தண்ணீரில் போட்டால் மட்டும் நுண்ணிய வெடிப்பு விழும். கல்லுக்கும் தாங்குதகட்டுக்கும் இடைவெளி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.

இதைப் பழகியவருக்கு இன்னொரு லாபம் வந்து சேர்கிறது. உளி ஏன் வெட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னாளில் ஒரு கார்பைட் முனையைக் கையில் எடுத்தாலும், அதன் சாய்வையும் பள்ளத்தையும் பார்த்து இது எந்த உலோகத்துக்கு என்று சொல்லிவிடுவார். கார்பைடில் தொடங்கியவருக்குப் பரப்பு சரியாக வராதபோது வேறு முனை வாங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. கார்பைடைச் சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது. பச்சைக் கல்லோ வைரக் கல்லோ வேண்டும். அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. குளிருக்காக ஜன்னலை மூடிவைத்து வேலை செய்யும் நம்முடைய அறைகளில் அதைச் செய்யவே கூடாது.

ஈரத்தில் கார்பைட் ஜெயிக்கும், ஒத்துக்கொள்ள வேண்டும். ஜூன், ஜூலை மழையில் துடைக்காமல் வைத்த எச்.எஸ்.எஸ். உளியின் முகத்தில் செம்புள்ளி விழும்; விளிம்பில் விழுந்தால் கூரும் போகும். மெஷின் ஒயில் தோய்ந்த துணியில் சுற்றி மூடியுள்ள டின்னில் வைத்தால் போதுமானது. கார்பைட் முனைக்கு அது தேவையில்லை, ஆனால் அதைத் தாங்கும் உருக்குப் பிடியும் சின்னத் திருகாணியும் துருப்பிடிக்கும். இறுகிப்போன அந்தத் திருகாணியின் தலை மழுங்கிவிட்டால் முனையை மாற்றவே முடியாது, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

துண்டித்தெடுக்கும் உளி ஒன்று மிச்சம் இருக்கிறது. குட்டி லேத்தில் ஆட்களை அதிகம் அழவைப்பது அதுதான், அதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. 1.5 அல்லது 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள எச்.எஸ்.எஸ். தகடு, தாங்கியில் இருந்து எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு, மையத்தின் உயரத்துக்கு அச்சொட்டாக, சுற்றைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட, கையை நிறுத்தாமல் உள்ளே கொடுக்க வேண்டும். கார்பைட் துண்டிப்பு முனைகள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலம். அவ்வளவு அகலத்தை ஒரே நேரத்தில் உலோகத்துக்குள் தள்ள இந்த லேத்துக்குப் பலம் இல்லை, சிக்கினால் முனையோடு பிடியும் சேர்ந்து போகும். எச்.எஸ்.எஸ். தகடு சிக்கினால் நுனி உடையும். சாணை பிடித்துவிட்டு மறுபடி மாட்டலாம்.